பிறந்த ஊரும் பூர்வீகமும்: வைசர் குடும்பத்தின் வேர்களைத் தேடும் ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் ஜெர்மானிய வழிவந்த ஒரு குடும்பம் தன் முன்னோரைத் தேடத் தொடங்கும்போது கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு குடும்பப் பெயரும், "ஜெர்மனியிலிருந்து வந்தோம்" என்ற செவிவழிச் செய்தியும்தான். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கடலைத் தாண்ட முடியாது. ஒன்றுபட்ட ஜெர்மனி 1871இல்தான் உருவானது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவுசெய்யும் முறை நாடு முழுவதற்கும் 1876 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு, ரைன் ஆற்றின் மேற்குக் கரை போன்ற சில பகுதிகளைத் தவிர்த்தால், தேவாலயப் பதிவேடுகளே முதன்மையான ஆதாரம். அவையோ ஊர்வாரியாக எழுதப்பட்டவை. ஊர்ப்பெயர் தெரியாதவருக்கு எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்பதே தெரியாது.

1710ஆம் ஆண்டு நியூயார்க் வந்து, பின்னர் பென்சில்வேனியாவுக்கு இடம்பெயர்ந்த வைசர் குடும்பத்தை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இக்குடும்பத்துக்கு மற்ற குடியேறிகள் பலருக்கு வாய்க்காத ஒரு பேறு உண்டு. பென்சில்வேனியா அரசுக்கும் இரோக்வாய் பழங்குடிக் கூட்டமைப்புக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் தூதராகவும் விளங்கிய கான்ராட் வைசர், தம் குடும்பத்தின் வரலாற்றை ஜெர்மன் மொழியில் தம் கைப்பட எழுதிவைத்தார். ஊர், நாள், பெயர், தலைமுறை எல்லாம் அதில் இருக்கின்றன. அப்படி இருந்தும், அக்குறிப்பை மேலோட்டமாகப் படிப்பவர் தவறான ஊருக்குப் போய்ச் சேரவே வாய்ப்பு மிகுதி. எழுத்துச் சான்று இருக்கும் குடும்பத்துக்கே இந்த நிலை என்றால், ஒன்றுமே இல்லாத குடும்பங்கள் எவ்வளவு கவனமாகத் தேட வேண்டும் என்பதை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

கப்பல் பட்டியலில் இல்லாத குடும்பம்

கான்ராட் வைசர் 1760 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவில், இன்றைய வோமல்ஸ்டோர்ஃப் அருகே இருந்த தம் பண்ணையில் இறந்தார். பென்சில்வேனியா ஜெர்மானியர்களைத் தேடும் எவரும் முதலில் கைவைப்பது பிலடெல்பியாத் துறைமுகப் பட்டியல்களில்தான். 1727 முதல், அங்கு வந்திறங்கிய ஜெர்மானிய ஆண்களை அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் செய்து, அவர்கள் பெயர்களைப் பதிவுசெய்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மானியக் குடியேற்றத்துக்கு இவ்வளவு ஒழுங்கான தொடர்ப்பதிவு வேறெந்த அமெரிக்கத் துறைமுகத்துக்கும் இல்லை.

வைசரை அதில் தேடினால் கிடைக்கமாட்டார். அவர் 1729இல் டல்பெஹாக்கன் பள்ளத்தாக்குக்கு வந்தது கடல் வழியாக அன்று; நியூயார்க் மாகாணத்தின் ஸ்கோஹாரியிலிருந்து உள்நாட்டு வழியாக. அவருக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1723இல், ஸ்கோஹாரியிலிருந்து சில குடும்பங்கள் சஸ்குவெஹன்னா ஆற்றின் வழியே இறங்கி டல்பெஹாக்கனில் குடியமர்ந்திருந்தன. எனவே டல்பெஹாக்கன் சார்ந்த ஒரு குடும்பத்தைத் தேடுபவர், அக்குடும்பத்தைச் சுற்றி நிலம் வாங்கியவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தார் அனைவரும் ஸ்கோஹாரியினர் என்றால், தேடலை நியூயார்க்கை நோக்கித் திருப்புவதே முறை. பிலடெல்பியாப் பட்டியலில் அதே பெயருள்ள வேறொருவரைக் கண்டு, "இவரே நம் முன்னோர்" என்று முடிவுகட்டிவிட்ட வம்சாவளிகள் ஏராளம். பெயர் பொருந்துவது சான்று ஆகாது. அது ஒரு ஐயத்தைத் தொடங்கிவைக்க மட்டுமே உதவும்.

1710ஆம் ஆண்டுக் கூட்டம்

நியூயார்க்குக்குத் திரும்பினால், அங்கே ஒரு பெரும் இடப்பெயர்வின் நடுவில் இக்குடும்பம் நிற்பது தெரியும். 1709இன் தொடக்கத்தில் ஐரோப்பாவை வாட்டிய கடுங்குளிரில் தென்மேற்கு ஜெர்மனியின் திராட்சைக் கொடிகள் கருகின. அதற்கு முன்பே பிரெஞ்சுப் படையெடுப்புகள் அப்பகுதியைச் சூறையாடியிருந்தன. பிரிட்டிஷ் அரசியார் ஆன் அமெரிக்காவில் நிலம் தருவார் என்ற நம்பிக்கையை, யோசுவா கோகர்தால் என்ற லுத்தரன் போதகர் எழுதிய சிறு நூல் ஊரூராகப் பரப்பியிருந்தது. அந்த ஆண்டு கோடையில் மட்டும் ஏறத்தாழ 13,000 பேர் ரைன் ஆற்று வழியே ராட்டர்டாம் சென்று, அங்கிருந்து லண்டன் சேர்ந்தார்கள். லண்டனுக்கு வெளியே பிளாக்ஹீத் திடலில் கூடாரங்களில் அவர்களைத் தங்கவைத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 3,000 பேரை, கடற்படைக்குத் தேவையான தார் தயாரிப்பதற்காக, ஆளுநர் ராபர்ட் ஹண்டரின் பொறுப்பில் நியூயார்க்குக்கு அனுப்பினார்கள்.

கான்ராட் வைசரின் குறிப்பு இதை ஒரு சிறுவனின் நினைவாகச் சொல்கிறது. கிறிஸ்துமஸ் நாளையொட்டிக் கப்பலேறியதாகவும், பத்துக் கப்பல்களில் 4,000 பேர் வந்ததாகவும், 1710 ஜூன் 13 அன்று நியூயார்க்கில் நங்கூரமிட்டதாகவும் எழுதுகிறார். தலைக்கணக்கு மிகையானது. அரசு ஆவணங்கள் ஏறத்தாழ 3,000 பேர் என்றே காட்டுகின்றன, அவர்களிலும் நூற்றுக்கணக்கானோர் வழியில் கப்பல் காய்ச்சலால் மடிந்தார்கள். நாள் விஷயத்தில் அவர் நினைவு உறுதியாக இருக்கிறது. ஜூன் 13 என்பது அக்கூட்டத்தின் முதல் கப்பலான லயன் துறைமுகம் சேர்ந்த நாளே. ஒரே ஆவணத்தின் ஒரு வரி உறுதியாகவும் அடுத்த வரி தளர்வாகவும் இருப்பது இயல்பு. தம் குடும்பத்துக்கு நேரே நிகழ்ந்ததை மனிதர்கள் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். கூட்டத்தின் அளவைப் பற்றிக் கேட்டதைச் சொல்வார்கள். சான்றை வரிவரியாக எடைபோட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இக்கூட்டத்துக்கு மிகவும் பயனுள்ள ஆவணம், லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள ஹண்டரின் உணவுப்படிப் பட்டியல். 1710 ஜூலை முதல் 1712 செப்டம்பர் வரை, அரசு செலவில் உணவு பெற்ற ஒவ்வொரு குடும்பத் தலைவரின் பெயரும், அக்குடும்பத்தில் பத்து வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை பேர், கீழ்ப்பட்டோர் எத்தனை பேர் என்பதும் அதில் உள்ளன. பெயரில்லாத வெறும் எண்கள்தாம். ஆயினும் ஒரு குழந்தை பத்து வயதைக் கடப்பதையும், ஒருவர் இறப்பதையும், ஒரு மறுமணம் நடப்பதையும் அந்த எண்கள் மாறுவதிலிருந்து ஊகிக்கலாம். வைசர் குடும்பத்திலும் அத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்தன. கடைசித் தம்பி யோஹான் ஃபிரெட்ரிக் ஆறு வயதில் இறந்தான். ஜார்ஜ் ஃபிரெட்ரிக், கிறிஸ்டோஃபர் என்ற இரு தம்பிகளை, தந்தை நோயுற்றிருந்தபோது, ஆளுநர் லாங் ஐலண்டில் வேலை பழக ஒப்பந்தத்தில் ஒப்படைத்துவிட்டார். தந்தை 1711இல் மறுமணம் செய்துகொண்டார். அந்த மணம் இனிமையாக அமையவில்லை என்றும் உடன்பிறந்தார் சிதறிப்போனதற்கு அதுவே காரணம் என்றும் கான்ராட் வருத்தத்தோடு எழுதுகிறார். அக்காலத்தில் இப்படிப் பிரித்து ஒப்படைக்கப்பட்ட சிறுவர்களின் பட்டியல் தனியாக இருக்கிறது. பின்னாளில் பத்திரிகைச் சுதந்திர வழக்கால் புகழ்பெற்ற ஜான் பீட்டர் ஸெங்கரும் அவ்வாறு அச்சக உரிமையாளர் வில்லியம் பிராட்ஃபோர்டிடம் ஒப்படைக்கப்பட்டவரே. லாங் ஐலண்டில் ஆங்கிலேயருக்கு நடுவில் திடீரென ஒரு தனி ஜெர்மானியப் பெயர் தலைகாட்டினால், இந்தப் பட்டியலைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

லண்டனில் எடுத்த கணக்கெடுப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1709 மே, ஜூன் மாதங்களில் டிரிபெக்கோ, ரூபர்ட்டி என்ற இரு ஜெர்மானியப் போதகர்கள் வந்திறங்கியவர்களின் பெயர், வயது, தொழில், சமயப் பிரிவு ஆகியவற்றை எழுதினார்கள். கடைசிக் கணக்கெடுப்பு ஜூன் நடுவில் முடிந்துவிட்டது. வைசர் குடும்பம் தன் ஊரைவிட்டுக் கிளம்பியதே ஜூன் 24 அன்றுதான். லண்டன் சேர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. ஆகவே அப்பட்டியலில் அவர்கள் பெயரை எதிர்பார்க்கக்கூடாது. ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்பதற்குப் பொருள் காண்பதற்கு முன், அந்தப் பட்டியல் எந்த நாள்வரை எழுதப்பட்டது என்று பார்த்தாக வேண்டும்.

நாள் என்று வரும்போது இரு நாட்காட்டிகளும் குறுக்கிடும். ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் நாடுகள் 1700இல் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின. இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752இல்தான் மாறின. இடைப்பட்ட காலத்தில் நியூயார்க்கின் தேதி ஜெர்மனியின் தேதியைவிட 11 நாள் பின்தங்கியிருந்தது. வைசர்களின் சொந்த நாடான, தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்கில் ஜூன் 24 என்றால் லண்டனில் ஜூன் 13.

குறிப்பில் உள்ள இரண்டு ஊர்கள்

இனி இந்நிகழ்வின் மையத்துக்கு வருகிறேன். 1710இல் வந்தவர்கள் அனைவரையும் ஆங்கிலேய அதிகாரிகள், ரைன் ஆற்றங்கரை நாடான பாலட்டினேட்டைச் சேர்ந்தவர்கள் என்றே குறித்தார்கள். உண்மையில் அவர்களுள் ஹெஸ்ஸன், நாசாவ், வூர்ட்டம்பெர்க் எனப் பல சிற்றரசுகளைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். வைசர் குடும்பம் வூர்ட்டம்பெர்கைச் சேர்ந்தது. அரசுப் பட்டியலை மட்டும் நம்பிப் பாலட்டினேட்டின் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டினால் ஆயுள் முழுவதும் தேடினாலும் பயனில்லை.

கான்ராட் தம்மைப் பற்றி எழுதுவது இது: 1696 நவம்பர் 2 அன்று, வூர்ட்டம்பெர்க் நாட்டில், ஹெர்ரன்பெர்க் வட்டத்தில், அஸ்டேட் என்ற சிற்றூரில் பிறந்ததாகவும், அருகே உள்ள குப்பிங் என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றதாகவும் தந்தை தமக்குத் தெரிவித்தார் என்கிறார். அஸ்டேட் என்பது இன்று ஹெர்ரன்பெர்க் நகரத்துக்குள் அடங்கிய ஆஃப்ஷ்டெட். குப்பிங் என்பது அதே நகரத்தைச் சேர்ந்த குப்பிங்கன். அமெரிக்காவில் முப்பது நாற்பது ஆண்டு கழித்து, தந்தை வாய்மொழியாகச் சொன்ன ஊர்ப்பெயரைக் காதால் கேட்டபடி எழுதியிருக்கிறார். வட்டத்தின் பெயரையும் பக்கத்து ஊரின் பெயரையும் சேர்த்துச் சொன்னதால்தான் அந்த ஊரை ஐயமின்றி அடையாளம் காண முடிகிறது. தனியே "அஸ்டேட்" என்று மட்டும் இருந்திருந்தால் வரைபடத்தில் அதை எங்கும் கண்டிருக்க முடியாது.

பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுவார்கள். பிறந்த ஊர் கிடைத்துவிட்டது, ஞானஸ்நானம் பெற்ற ஊரும் கிடைத்துவிட்டது, இனி அங்கே தாத்தாவையும் கொள்ளுத்தாத்தாவையும் தேடலாம் என்று தோன்றும். ஆனால் அவர்கள் அங்கே இல்லை. கான்ராடே தொடர்ந்து எழுதுகிறார்: தாத்தா யாக்கோப் வைசர், கொள்ளுத்தாத்தாவும் யாக்கோப் வைசர், அவர் பாக்நாங் வட்டத்தில் குரோஸாஸ்பாக் ஊரின் தலைவர், தந்தை வழியிலும் தாய் வழியிலும் முன்னோர் அனைவரும் நெடுங்காலமாக அந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே அடக்கமானவர்கள். குரோஸாஸ்பாக் ஸ்டுட்கார்ட்டுக்கு வடகிழக்கே இருக்கிறது, ஆஃப்ஷ்டெட் தென்மேற்கே. இடையில் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல்.

காரணம் தந்தையின் தொழிலில் இருக்கிறது. தந்தை யோஹான் கான்ராட் வைசர் வூர்ட்டம்பெர்கின் குதிரைப்படையில் கார்ப்பரலாக இருந்தவர். 1688 முதல் 1697 வரை நடந்த போரில் பிரெஞ்சுப் படைகள் அந்நாட்டைப் பலமுறை தாக்கின. குரோஸாஸ்பாக்குக்கு அருகே உள்ள பாக்நாங் நகரையே 1693இல் எரித்துவிட்டன. படைப்பிரிவு தங்கிய ஊரில் மனைவியும் தங்கினாள்; அங்கே மகன் பிறந்தான். பிறந்த ஊர் வேறு, பூர்வீகம் வேறு. குப்பிங்கன் பதிவேடு ஒரு ஞானஸ்நானத்தைச் சொல்லும், குடும்பத்தைச் சொல்லாது. போர்க்காலத்தில் படைவீரர்கள் மட்டுமல்ல, பள்ளி ஆசிரியர்கள், மேய்ப்பர்கள், ஆலைக்காரர்கள் ஆகியோரின் குழந்தைகளும் ஒவ்வொரு ஊரில் ஒவ்வொருவராகப் பிறந்திருப்பார்கள் என்பதால், ஒரே ஒரு பிறப்புப் பதிவைக் கொண்டு பூர்வீகத்தை நிர்ணயிப்பதை நான் எப்போதும் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

இதற்கு மாற்று, உடன்பிறந்தார் அனைவரின் பிறப்பையும் தேடுவது. தாய் அன்னா மக்தலேனா, ஊபலே குடும்பத்துப் பெண். 1709 மே 31 அன்று, தம் நாற்பத்து மூன்றாம் வயதில், பதினாறாவது குழந்தையைச் சுமந்திருந்தபோது இறந்தார் என்று மகன் எழுதுகிறார். அப்போது உயிரோடிருந்தவர்கள் ஒன்பது பேர்: கத்தரீனா, மார்கரெட்டா, மக்தலேனா, சபீனா, கான்ராட், ஜார்ஜ் ஃபிரெட்ரிக், கிறிஸ்டோஃபர், பார்பரா, யோஹான் ஃபிரெட்ரிக். எனில் இவர்களைத் தவிர மேலும் சிலருக்கு ஞானஸ்நானப் பதிவும் அடக்கப் பதிவும் எங்கோ இருக்க வேண்டும். அத்தனை பதிவுகளையும் நாள்வாரியாக அடுக்கினால், படைப்பிரிவு எங்கே இருந்தது, குடும்பம் எப்போது சொந்த ஊர் திரும்பியது என்பதெல்லாம் தாமாகவே வெளிப்படும். ஞானப்பெற்றோரின் பெயர்களையும் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். தெரியாத ஊரில் பிறந்த குழந்தைக்குப் படை நண்பர்கள் ஞானப்பெற்றோராக நிற்பார்கள். சொந்த ஊரில் என்றால் சித்தப்பா, அத்தை, மாமா என உறவினர் நிற்பார்கள். அந்த வேறுபாடே பூர்வீகத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வூர்ட்டம்பெர்கைப் பொறுத்தவரை தேடுபவருக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. திருமணத்தின்போதும் இறப்பின்போதும் குடும்பத்தின் சொத்தைக் கரண்டி முதல் வயல்வரை எழுதிவைக்கும் சட்ட வழக்கம் அங்கே பதினாறாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. ஊர் நிர்வாகத்தின் இந்தச் சொத்துப் பட்டியல்கள் பல ஊர்களில் இன்றும் உள்ளன. மனைவி இறந்து ஒரு மாதத்துக்குள், 1709 ஜூன் 24 அன்று, தந்தை எட்டுக் குழந்தைகளோடு கிளம்பினார். மூத்த மகள் கத்தரீனா கணவரோடு ஊரிலேயே தங்கிவிட்டாள். வீடு, வயல், புல்வெளி, திராட்சைத் தோட்டம், காய்கறித் தோட்டம் அனைத்தையும் தந்தை அவர்களுக்கு விற்றார். அவர்களால் உடனே தர முடிந்தது 75 குல்டன் (அக்கால ஜெர்மானிய நாணயம்) மட்டுமே. பாக்கி 600 குல்டன் பின்னர் தருவதாகப் பேச்சு. அது ஒருபோதும் வரவில்லை என்று கான்ராட் எழுதுகிறார். இத்தகைய ஒரு விற்பனை ஊர்க் கணக்குகளில் தடம் விடாமல் போகாது. அமெரிக்கா போனவரை விட்டுவிட்டு, ஊரிலேயே தங்கியவளின் வழியைப் பின்தொடர்வது பல சமயங்களில் விரைவான பலன் தரும்.

மனைவி யார் என்ற கேள்வி

கான்ராடின் மனைவி விஷயத்தில் குடும்பக் கதை சான்றை எவ்வாறு மூடிவிடும் என்பதைக் காணலாம். 1720 நவம்பர் 22 அன்று, ஸ்கோஹாரியில் தந்தையின் வீட்டில், போதகர் யோஹான் ஃபிரெட்ரிக் ஹேகர் நடத்திய திருமணத்தில் "அன்னா ஈவ்" என்பவரை மணந்ததாக அவர் எழுதுகிறார். அவர் பிறந்த குடும்பத்தின் பெயரை எழுதவில்லை. பதினாறு வயதில் கான்ராட் மோஹாக் பழங்குடியினரிடையே எட்டு மாதம் தங்கி அவர்கள் மொழியைக் கற்றவர் என்பதால், மனைவியும் மோஹாக் பெண்ணே என்ற கதை பின்னாளில் வேர்விட்டது. கதை கவர்ச்சியானது, ஆகவே பரவியது.

அவர்களின் மருமகன் ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் அதை மறுக்கும் சான்றை எழுதிவைத்திருக்கிறார். 1745இல் கான்ராடின் மகள் அன்னா மரியாவை மணந்த இவர், அமெரிக்க லுத்தரன் சபையின் தலைசிறந்த போதகர். மாமனார் மணந்தது லுத்தரன் பெற்றோருக்குப் பிறந்த ஒரு ஜெர்மானியப் பெண்ணை என்று அவர் ஜெர்மனிக்கு எழுதினார். அன்னா ஈவ் உயிரோடிருந்த காலத்தில், அவர் வீட்டோடு நெருங்கிப் பழகியவர் எழுதியது என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. அதோடு, 1710 கூட்டத்தைச் சேர்ந்த ஃபெக் குடும்பம் ஸ்கோஹாரியிலும் பின்னர் டல்பெஹாக்கனிலும் வைசர்களுக்கு அருகிலேயே வாழ்ந்தது. அன்னா ஈவ் அக்குடும்பத்துப் பெண் என்பதே இன்று ஆய்வாளர்களின் முடிவு.

மூலன்பெர்கின் கடிதங்கள் சென்ற இடம் ஹாலே நகரத்தின் ஃபிராங்கே நிறுவனம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் பயின்றதும் அதே நகரத்தில்தான். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் அந்த நிறுவனத்தின் காப்பகத்திலேயே இருக்கின்றன. பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடும்பங்களைப் பற்றிய செய்திகளும் தமிழகத்துச் சபைகளைப் பற்றிய செய்திகளும் ஒரே காப்பகத்தில் சேர்ந்திருப்பதால், அங்கே தேடும் தமிழ் ஆய்வாளர் இவ்விரு தொகுப்புகளையும் சேர்த்தே பார்க்கலாம்.

தனியாளைத் தேடாமல் கூட்டத்தைத் தேடுதல்

கைப்பட எழுதிய குறிப்பு இல்லாத குடும்பங்கள் என்ன செய்வது? அமெரிக்கரான ஹென்றி ஜோன்ஸ், ஹண்டர் பட்டியலின் 847 குடும்பங்களையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, அவற்றுள் மிகப் பலவற்றின் ஜெர்மானியச் சொந்த ஊர்களைக் கண்டறிந்தார். அவர் கையாண்ட வழி எளிமையானது, ஆனால் கடும் உழைப்பைக் கோருவது. பட்டியலில் ஒரு பெயரின் பக்கத்தில் எந்தெந்தப் பெயர்கள் வருகின்றன, ஞானஸ்நானத்துக்கு யார் யாருக்கு யார் யார் நின்றார்கள், எந்தக் குடும்பத்தோடு எந்தக் குடும்பம் மணவுறவு கொண்டது என்பதைத் தொகுத்து, அக்கூட்டத்தில் ஒருவரின் ஊர் தெரிந்தால் அவ்வூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மற்ற பெயர்களைத் தேடினார். மனிதர்கள் தனியாகக் கிளம்புவது அரிது. உறவும் அண்டைவீடும் சேர்ந்தே கிளம்பும்.

எழுத்துவேறுபாட்டுக்கும் இம்முறையே மருந்து. தென்மேற்கு ஜெர்மானியரின் பேச்சில் ப-வும் அழுத்தமான ப-வும், த-வும் அழுத்தமான த-வும் ஒன்றோடொன்று கலக்கும். அதைக் கேட்ட டச்சு எழுத்தர் ஒருவிதமாகவும் ஆங்கில எழுத்தர் வேறுவிதமாகவும் எழுதினார்கள். பெண்களின் குடும்பப் பெயரோடு "இன்" என்ற விகுதி சேரும். ஊபலே என்பது ஊபலின் ஆகும். யோஹான் என்பது பல ஆண்களுக்குப் பொதுவான முதற்பெயர். அழைக்கும் பெயர் அடுத்து வருவதே. வைசர் வீட்டில் தந்தை, மகன் இருவருமே கான்ராட் என்பதால், ஸ்கோஹாரியில் "கான்ராட் வைசர்" என்று வரும் ஓர் ஆவணம் எவரைச் சுட்டுகிறது என்பதை ஆண்டையும் மனைவி பெயரையும் கொண்டே தீர்மானிக்க வேண்டும். 1718 முதல் 1723 வரை தந்தை நில உரிமைக்காக வாதாட லண்டன் சென்றிருந்ததால், அக்கால ஆவணங்களில் கையெழுத்திட்டவர் மகனாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

வைசர் வழியினர் இன்று தேட விரும்பினால், குப்பிங்கன், குரோஸாஸ்பாக் ஆகிய இரு சபைகளின் பதிவேடுகளையும் ஸ்டுட்கார்ட்டில் உள்ள வூர்ட்டம்பெர்க் புராட்டஸ்டன்ட் திருச்சபைக் காப்பகத்தின் வழியாகப் பார்க்கலாம். ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் பதிவேடுகளின் நிழற்படங்களைக் கட்டணத்துக்குத் தரும் ஆர்கியான் தளத்திலும் தேடலாம். வூர்ட்டம்பெர்கில் 1558 முதலே ஞானஸ்நானப் பதிவேடுகள் கட்டாயமாயின. ஆனால் முப்பதாண்டுப் போரில், குறிப்பாக 1634க்குப் பின், பல ஊர்களின் ஏடுகள் அழிந்தன. ஒரு குடும்பத்தின் தொடர்ச்சி அந்த ஆண்டோடு அறுந்தால், வரிப்பட்டியல்களுக்கும் நில உரிமைக் குறிப்பேடுகளுக்கும் போக வேண்டும். கொள்ளுத்தாத்தா ஊர்த்தலைவராக இருந்தார் என்ற ஒரு செய்தி இங்கே பெரிதும் கைகொடுக்கும். பதவியில் இருந்தவரின் பெயர் தேவாலய ஏட்டில் இல்லாவிட்டாலும் ஊர்க் கணக்கிலும் வட்ட நிர்வாக ஆவணத்திலும் கையெழுத்தாகவோ சாட்சியாகவோ கிடைக்கும்.